முதல் அபிப்பிராயங்களும் குடும்ப மானத்தின் மௌனமும்

ஜேன் ஆஸ்டின் 1796 அக்டோபரில், தமது 20ஆம் வயதில், ஒரு நாவலை எழுதத் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் முடித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', அதாவது முதல் அபிப்பிராயங்கள். அவருடைய தந்தை 1797 நவம்பரில் லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே அவர்கள் மறுத்துவிட்டார்கள். இடையில் அதே தலைப்பில் வேறொருவரின் நாவலும் வந்துவிட்டது. ஆஸ்டின் தம் நாவலைத் திருத்தி, சுருக்கி, பெயரையும் மாற்றினார். 1813 ஜனவரி 28 அன்று 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை.

நம் கல்லூரிகளில் இந்த நாவலை நடத்தும்போது பெரும்பாலும் ஒரு சூத்திரமாகச் சுருக்கிவிடுகிறோம்: டார்சிக்கு கர்வம், எலிசபெத்துக்கு முன்முடிவு, இரண்டும் கரைந்ததும் கல்யாணம். அப்படிப் படித்தால் முதல் தலைப்பு எழுப்பிய கேள்வி மறைந்துபோகிறது. ஓர் ஆணைப் பற்றி ஒரு பெண் எதை வைத்து முடிவுசெய்வது? அவளுக்குத் தெரியவேண்டியதை அவளுக்குச் சொல்வது யார்? அன்றைய இங்கிலாந்தில் இது காதல் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல, சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட.

திரும்ப முடியாத வாசல்

கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர் என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் கோட்பாடு. அந்த ஒரே நபர் கணவன். 'கவர்ச்சர்' என்று இதைச் சொல்வார்கள். 1765இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டனின் சட்ட விளக்க நூல் இதை விரிவாகப் பதிவுசெய்கிறது. திருமணமான பெண்ணின் பணமும் நகையும் கணவனுக்குச் சொந்தம். அவளுடைய நிலத்தின் வருமானம் அவன் கையில். அவள் சம்பாதித்தால் அதுவும் அவனுடையது. தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய அவளால் முடியாது. பிள்ளைகள் மீது தாய்க்குச் சட்ட உரிமை கிடையாது. அதில் சிறு திறப்பு 1839இல்தான் வந்தது. நீதிமன்றத்தில் விவாகரத்து பெறும் வழி 1857இல்தான் பிறந்தது. அதற்குமுன் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும், அதற்கான செலவு பெரும் பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். மனைவியின் சொத்துரிமை 1870, 1882 சட்டங்கள்வரை காத்திருந்தது. பணமுள்ள பெற்றோர் திருமணத்துக்குமுன் பத்திரம் எழுதி மகளின் பங்கை ஓரளவு காப்பாற்றலாம். மற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

அதாவது, பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் கேட்டது ஒரே ஒரு நாள். அதற்குப்பின் அவள் எதற்கும் சம்மதம் தரவேண்டியிருக்கவில்லை. கணவன் குடிகாரனா, கடன்காரனா, நல்லவனா என்பதை அவள் முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் உண்டு.

சரி, மறுத்துவிட்டால்? பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் பண்ணைக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் அது ஆண் வாரிசுக்கே போகவேண்டும் என்று முன்பே கட்டுப்படுத்தப்பட்ட சொத்து. ஐந்து பெண்கள் இருந்தும், தந்தை இறந்தால் வீடும் நிலமும் தூரத்து உறவினரான காலின்ஸுக்கு. எலிசபெத்துக்கு மிஞ்சுவது, தாயின் காலத்துக்குப்பின், 4 சதவீத வட்டி தரும் 1,000 பவுண்டு. ஆண்டுக்கு 40 பவுண்டு. எலிசபெத்திடம் பெண் கேட்கும்போது காலின்ஸே இந்தக் கணக்கை எடுத்துச் சொல்கிறார். இது இயற்கை நியதியும் அல்ல, மாற்றமுடியாத சட்டமும் அல்ல. குடும்பத்து ஆண்கள் எழுதிவைத்த ஏற்பாடு. அதே நாவலில் லேடி கேதரின் குடும்பத்துச் சொத்து மகளுக்கே போகிறது. பெண்களை விலக்குவது தம் வீட்டில் தேவைப்படவில்லை என்று அவரே சொல்கிறார்.

அறிந்து என்ன பயன்?

எலிசபெத் மறுத்த காலின்ஸை மூன்றே நாளில் அவளுடைய தோழி ஷார்லட் லூகாஸ் ஏற்றுக்கொள்கிறாள். அவளுக்கு வயது 27. சொத்து கிடையாது, அழகி என்ற பெயரும் கிடையாது. திருமண மகிழ்ச்சி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, வாழப்போகிறவனின் குறைகளை எவ்வளவு குறைவாக அறிகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவள் கருத்து. எலிசபெத் இதைக் கேட்டுச் சிரிக்கிறாள். ஆனால் ஷார்லட் முட்டாள் அல்ல. வேண்டாம் என்று சொல்லும் வசதி இல்லாதவளுக்கு, அறிந்துகொள்வதால் வேதனைதான் கூடும். காலின்ஸ் எப்படிப்பட்டவர் என்பதில் அவளுக்கு எந்த மயக்கமும் இல்லை. தெரிந்தே போகிறாள். பின்னாளில் அவர் தோட்டத்தில் வேலைசெய்ய ஊக்கப்படுத்துகிறாள், தனக்கென்று வீட்டின் பின்பக்கத்து அறையை வைத்துக்கொள்கிறாள். அவர் அதிகம் வந்துபோகாத அந்த அறைதான் அவள் ஈட்டிய சுதந்திரம். ஷார்லட்டைக் கண்டிக்கும் முன் அந்த 40 பவுண்டு கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும்

நாவலின் நடுப்பகுதியைத் தாங்குவது விக்கம் என்ற படை அதிகாரி. நல்ல தோற்றம், இனிய பேச்சு. டார்சி தன்னை ஏமாற்றிவிட்டார் என்று அவன் சொல்லும் கதையை எலிசபெத் நம்புகிறாள். நடன விருந்தில் தன்னை அலட்சியமாகப் பேசிய டார்சி மீது அவளுக்கு ஏற்கெனவே கோபம். விக்கம் பற்றி ஊரில் விசாரிக்க வழியும் இல்லை, அவன் வெளியூரிலிருந்து வந்தவன். நடன விருந்தில் இரண்டு சுற்று, மாலைச் சீட்டாட்டத்தில் அரைமணிப் பேச்சு, பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் ஓர் உலா. ஆண்களை அறிய அன்றைய நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு வாய்த்தது இவ்வளவுதான். முதல் அபிப்பிராயத்தைத் தவிர வேறெதையும் பெறமுடியாதபடி வைத்துவிட்டு, அதை நம்பியதற்காக அவளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

விக்கமைப் பற்றிய உண்மை டார்சிக்குத் தெரியும். அவர் தங்கை ஜார்ஜியானாவை, அவளுக்கு 15 வயதாக இருந்தபோது, அவளுடைய 30,000 பவுண்டுக்காக ராம்ஸ்கேட்டிலிருந்து அழைத்துக்கொண்டு ஓட விக்கம் திட்டமிட்டிருந்தான். தங்கையின் பெயர் கெடக்கூடாதென்று டார்சி அதை வெளியில் சொல்லவில்லை. எலிசபெத்துக்கு எழுதும் கடிதத்தில்தான் முதன்முதலாகச் சொல்கிறார். படித்த எலிசபெத் அக்காவிடம் மட்டும் பகிர்ந்துகொள்கிறாள். படைப்பிரிவுதான் ஊரைவிட்டுப் போகப்போகிறதே, எதற்கு வம்பு என்று இருவரும் பேசாமலிருக்க முடிவுசெய்கிறார்கள். லிடியாவைப் பிரைட்டனுக்கு அனுப்பவேண்டாம் என்று தந்தையிடம் எலிசபெத் வாதாடுகிறாள். ஆனால் அந்த ஒரு விஷயத்தை அப்போதும் சொல்வதில்லை. 16 வயது லிடியா பிரைட்டனிலிருந்து விக்கமுடன் கிளம்பிவிடுகிறாள். 1753ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதால், ஓடிப்போகும் ஜோடிகள் ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்குப் போவார்கள். லிடியாவும் அப்படித்தான் நினைத்தாள். அவனுக்கு அந்த எண்ணமே இல்லை.

செய்தி பரவியபிறகு ஊர் மொத்தமும் விக்கமைத் திட்டுகிறது. கடைக்காரர்களுக்கெல்லாம் கடன் வைத்திருக்கிறான், அவர்கள் வீட்டுப் பெண்களிடமும் கைவரிசை காட்டியிருக்கிறான். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு டார்சி தம் தவறான கர்வத்தையே காரணமாகச் சொல்கிறார், சொந்த விவகாரங்களை உலகுக்குத் திறந்து காட்டுவது தமக்கு இழுக்கு என்று எண்ணியிருந்தாராம். தலைப்பில் உள்ள கர்வம் செய்த மிகப் பெரிய தீங்கு, நடன விருந்தில் ஒரு பெண்ணை அவமதித்தது அல்ல என்பது என் வாசிப்பு. குடும்ப மானம் என்ற பெயரில் காத்த மௌனம் ஜார்ஜியானாவைக் காத்தது, விக்கமையும் சேர்த்தே காத்தது. விலை கொடுத்தவள் அடுத்த வீட்டுப் பெண்.

அதற்குத் தீர்வாக ஆண்கள் கூடிப் பேசி விக்கமின் கடனை அடைத்து, லிடியா பெயரில் கொஞ்சம் பணம் எழுதி, அவனுக்குப் படையில் பதவியும் வாங்கித் தருகிறார்கள். ஏமாற்றியவனுக்கே அவளைக் கட்டிவைப்பதுதான் கிடைத்த நியாயம். அவள் செத்திருந்தால்கூட இதைவிட மேல் என்று பாதிரியார் காலின்ஸ் ஆறுதல் கடிதம் எழுதுகிறார். விக்கமுக்கு அப்படி யாரும் எழுதவில்லை.

இரண்டாவது அபிப்பிராயம்

டார்சியைப் பற்றிய எலிசபெத்தின் கருத்து பெம்பர்லி மாளிகையைப் பார்த்து மாறியது என்று கேலியாகச் சொல்வதுண்டு. அங்கே அவள் பெற்றது ஒரு சாட்சியம். வீட்டை நிர்வகிக்கும் திருமதி ரெனால்ட்ஸ், டார்சியை நான்கு வயதிலிருந்து அறிந்தவர். அவர் வேலைக்காரர்களையும் குடியானவர்களையும் எப்படி நடத்துகிறார் என்று சொல்கிறார். சமமானவர்களிடம் ஓர் ஆண் காட்டும் நாகரிகம் விருந்தறைக்குள் தெரிந்துவிடும். தன் கீழே இருப்பவர்களிடம் எப்படி நடக்கிறான் என்பதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும். மனைவியும் சட்டப்படி அவன் கீழே இருக்கப்போகிறவள்தானே. எஜமானரைப் பற்றிப் பணியாளர் வெளியாளிடம் குறை சொல்லமாட்டார் என்று ஐயப்படலாம்தான். ஆனால் கையில் கிடைத்த தகவல்களில் விக்கமின் புன்னகையைவிட இது உறுதியானது.

ஆஸ்டினுக்கும் இப்படி முடிவெடுக்கவேண்டிய ஓர் இரவு வந்தது. 1802 டிசம்பர் 2 அன்று, மேனிடவுன் பண்ணையின் வாரிசு ஹாரிஸ் பிக்-விதர் அவரை மணக்கக் கேட்டார். மாலையில் சம்மதித்த ஆஸ்டின், மறுநாள் காலை அதைத் திரும்பப் பெற்றார். அவருக்கு 27 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது, கிட்டத்தட்ட ஷார்லட்டின் வயது. 1805இல் தந்தை இறந்தார். தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் தரும் உதவியில் வாழ்ந்தார்கள். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் நிலையான இடம் கிடைத்தது.

அந்த வீட்டிலிருந்துதான் பழைய கையெழுத்துப் பிரதி புத்தகமானது. பதிப்பாளர் எகர்ட்டன் 110 பவுண்டுக்கு முழு உரிமையையும் வாங்கினார். ஆஸ்டின் எதிர்பார்த்தது 150. அடுத்த பதிப்புகளின் லாபத்தில் அவருக்குப் பங்கு இல்லை. ஆனாலும் அந்த 110 பவுண்டு அவருடையது. மேனிடவுனில் மாலையில் சொன்ன சொல் மறுநாளும் நிலைத்திருந்தால், சட்டப்படி அது ஹாரிஸ் பிக்-விதரின் பணமாகியிருக்கும்.