சொதப்பிய ஆட்டம்
1969, அமெரிக்காவின் மின்னசோட்டா. நண்பர்களைக் கூட்டி நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார் டேவிட் வெஸ்லி. ப்ரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். படைகள் வருவதற்கு முன் ஊருக்குள் நடப்பதுதான் ஆட்டம். மேயர், மாணவர் என ஆளுக்கொரு வேடம்.

ஆரம்பித்ததுமே எல்லாம் கைமீறிவிட்டது. மூலைக்கு மூலை ரகசியப் பேச்சு. இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கே கிளம்பிவிட்டார்கள்; அதற்கு அவர் விதியே எழுதவில்லை! சொதப்பிட்டோம் என்று நொந்துபோனார் வெஸ்லி. ஆடியவர்களோ இன்னொன்று நடத்தச் சொல்லி நச்சரித்தார்கள். (நானாக இருந்தால் ‘பக்’ என்று டிக்கெட் போட்டு மூடியிருப்பேன்.)

பின்னொரு ஆட்டத்தின் களம், லத்தீன் அமெரிக்கக் குடியரசு. டேவ் ஆர்னசன் போலி சிஐஏ அட்டையை நீட்டி மற்றவர்களை ஏமாற்றினார். வெஸ்லி எழுதாத திருப்பம் அது. அதே ஆர்னசன்தான் 1974இல் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கொண்டுவந்தார்.