கோட்டம்

வளையமாதேவியில் காணி வைத்திருப்பவர்க்குக் கோட்டம் என்பது சிதம்பரத்துக் கச்சேரி. பட்டா மேல்முறையீடு போன்ற காரியங்களுக்குக் காகிதக் கட்டுடன் படியேறி நிற்கவேண்டிய வருவாய்க் கோட்டாட்சியரின் அலுவலகம். நெய்வேலிச் சுரங்கத்தின்பொருட்டுப் பரவனாற்றுக்குப் புதுத்தடம் வெட்டுவதற்காக 2023 சூலையில் பயிர் நின்ற வயல்களிலே இயந்திரங்கள் இறங்கிய ஊராதலின், அச்சொல் இங்கே எவர்க்கும் அந்நியமன்று. அதே சொல் தெய்வம் உறையும் இடத்துக்கும் பெயராக வழங்கியதென்றால் அவர்களிற் பலர் வியப்புறுவர்.

கோடுதல் என்பது வளைதல். வளைத்துச் சூழ்ந்த மதிலும், அம்மதிலுக்கு உட்பட்ட இடமும் கோட்டம் எனப்பட்டன. கோஷ்டம் என்னும் வடசொல்லின் திரிபென்பாரும் உளர். எனினும், கோட்டை, கோடு முதலியவற்றை அருகே வைத்து நோக்குமிடத்து அதனைத் தமிழ் வேரினின்று பிரிக்க என் மனம் ஒப்பவில்லை. (ஊர்ப்பெயரிலும் வளையம் நிற்பது தற்செயலே, அதைக்கொண்டு வேர் தேடுவது விபரீதம்.) புகார் நகரத்துக் கோயில்களை நிலாக் கோட்டம், வேற்கோட்டம் என இளங்கோவடிகள் அடுக்குகிறார். பௌத்த காவியமாகிய மணிமேகலையிலோ, அரசனது சிறைக்கோட்டம் காவியத் தலைவியின் வேண்டுகோளினால் அறக்கோட்டமாக மாறிய செய்தியே ஒரு காதையின் தலைப்பாக அமைந்தது. மதில் அதுவே, உள்ளே நடக்கும் காரியம் மாத்திரமே வேறு. தொண்டைமண்டலத்தை இருபத்துநான்கு கோட்டங்களாக வகுத்தபோது, புழற்கோட்டம், ஊற்றுக்காட்டுக் கோட்டம் என்று சொல் மதிலைத் தாண்டி நாட்டின்மேற் படர்ந்தது. பின்னாளில் தெய்வம் கோயிலிலே தங்கிவிட, சர்க்கார் கோட்டத்தை எடுத்துக்கொண்டது.

இவ்விரண்டும் ஒரே மதிலுக்குள் இன்றும் பிரியாமல் வாழ்வதைக் காண விரும்புவோர் பூட்டானுக்குச் செல்லவேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகளையே மலையென்று கண்டு பழகிய நம்மவர்க்கு, தோச்சுலாக் கணவாயில் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் புனாக்காப் பள்ளத்தாக்கிற்குள் இறங்கும் பாதை சற்றே மூச்சுமுட்டச் செய்யும். ஆங்கே, தந்தையாறு எனவும் தாயாறு எனவும் பொருள்படும் போச்சூ, மோச்சூ என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில், சப்துருங் நவாங் நம்கியால் என்னும் லாமா 1637-இல் கட்டத் தொடங்கிய மாபெரும் சோங் நிற்கிறது. அவர் திபெத்திலிருந்து 1616-இல் வந்து, சிதறிக்கிடந்த பள்ளத்தாக்குகளை ஓர் இராச்சியமாக்கியவர். 1629-இல் சிம்தோக்காவில் எழுப்பிய சோங்கிலேயே துறவிகளையும் அதிகாரிகளையும் ஒரு கூரைக்கீழ் வைக்கும் முறையைத் தொடங்கினார். சோங் என்றால் கோட்டை என்பர்; ஆயினும் மதிலுக்குள் நடுக்கோபுரமும் அதன் ஒருபுறம் பிட்சுக்களின் மடமும் மறுபுறம் ஆட்சிக் கச்சேரியும் அமைந்திருப்பதால், கோட்டம் என்பதே பொருத்தமான பெயர்ப்பாகும். 1907-இல் முதல் மன்னர் உக்யென் வாங்சுக் முடிசூடியதும் அப்புனாக்காச் சோங்கிலேதான். நாட்டின் தலைமைப் பிட்சு சங்கம் குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு, வேனிலில் திம்புவின் தாசிச்சோ சோங்கிற்குப் பெயர்ந்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு.

அந்நாட்டுச் சொல்லும் நம் சொல் சென்ற வழியே சென்றுள்ளது. மாவட்டத்துக்குச் சோங்காக் என்று பெயர், அவை இருபது. அதன் ஆட்சியாளர் சோங்தா, அதாவது கோட்டத் தலைவர்; நம் கோட்டாட்சியரும் அதுவே. ஒன்றில் மட்டும் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டனர். சோங்கில் வழங்கும் பேச்சு என்னும் பொருளில் தங்கள் தேசிய மொழிக்கே சோங்கா என்று பெயரிட்டிருக்கின்றனர்.