அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியின் பாதுகாப்பான இயக்கம்

அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி என்பது, ஓட்டுநர் மேலே அமர்ந்து செலுத்தும் வகையில் அமைந்த, புற்றரையைச் சீரான உயரத்தில் வெட்டும் இயந்திரம் ஆகும். வீட்டைச் சுற்றிப் பரந்த புற்றரை வளர்க்கும் வழக்கமுள்ள ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது மிகுதியாகப் பயன்படுகின்றது. மெதுவாகச் செல்வதாலும், தோற்றத்தில் சிறிய டிராக்டரை ஒத்திருப்பதாலும் இதனைத் தீங்கற்றதாகக் கருதுவோர் பலர். ஆயினும் இதன் அடியில் சுழலும் தகடுகளால் கை கால்களை இழந்தோர் உள்ளனர். அவர்களுள் இயந்திரத்தில் ஏறியே இராத சிறுவர்களும் அடங்குவர். இக்கட்டுரை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் விதிகளையும் பரிந்துரைகளையும் தழுவியது.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830 இல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளப்படும் உருளை வகைக் கருவி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களைச் சூழ்ந்து தனிவீட்டுக் குடியிருப்புகள் பெருகின. அமர்ந்து ஓட்டும் வகைகளும் அவற்றுடன் பரவின. ஜான் டீர் நிறுவனத்தின் 110 என்னும் வகை 1963 இல் வெளிவந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969 இலேயே மின்கலத்தால் இயங்கும் எலெக்-டிராக் வகையை அறிமுகப்படுத்தியது.

அமைப்பு

இவற்றில் இரு வகைகள் பெருவழக்கு. ஒன்று, முன்புறம் பொறியும் வட்டத் திருப்பியும் கொண்ட டிராக்டர் வகை. மற்றது, பின்சக்கரங்கள் இரண்டையும் இரு நெம்புகோல்களால் தனித்தனியே இயக்கி, நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய வகை. இரண்டிலும் வெட்டுத்தகடுகள் அடிப்புறக் கூடு ஒன்றினுள் கிடைமட்டமாகச் சுழல்கின்றன.

நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் 50 செ.மீ. நீளத் தகட்டின் முனை, மணிக்கு ஏறத்தாழ 280 கி.மீ. வேகத்தில் செல்கின்றது. எனவே புல்லில் மறைந்து கிடக்கும் கல், கம்பித் துண்டு, எலும்பு முதலியவை தகட்டில் பட்டால் நெடுந்தொலைவு வீசப்படும். வெட்டும் முன் தரையை நடந்து பார்த்துத் துப்புரவு செய்வதும், புல் வெளியேறும் வாயிலின் தடுப்பை அகற்றாதிருப்பதும், அவ்வாயிலை மனிதர் இருக்கும் பக்கம் திருப்பாதிருப்பதும் இதன் பொருட்டே.

சிறுவர்களும் பின்னோக்கிய இயக்கமும்

இவ்வியந்திரத்தால் நேரும் விபத்துகளுள் மிகக் கொடியது, பின்னோக்கிச் செல்லும்போது சிறுவர் அடியில் அகப்படுவதாகும். பொறியின் இரைச்சலில் குழந்தையின் குரல் ஓட்டுநருக்குக் கேட்பதில்லை; இருக்கைக்குப் பின்னால் நிற்கும் குழந்தை கண்ணில் படுவதும் அரிது.

தந்தையோ பாட்டனோ குழந்தையை மடியில் இருத்தி ஒருமுறை ஓட்டிக் காட்டுவது இதற்கு வித்திடுகின்றது. அக்குழந்தைக்கு இயந்திரம் ஒரு விளையாட்டு ஊர்தியாகி விடுகின்றது. பின்னொரு நாள் பொறியின் ஒலி கேட்டதும் மீண்டும் ஏற விரும்பி அது பின்னாலிருந்து ஓடி வருகின்றது. மடியில் இருப்பதும் பாதுகாப்பன்று. குலுங்கலில் நழுவி விழும் குழந்தை தகட்டுக்கு மிக அருகிலேயே விழும். தகடு ஓடாத வேளையிலும் எவரையும் உடன் ஏற்றலாகாது என்று கையேடுகள் கூறுவது இதனாலேயே.

புல் வெட்டும் நேரத்தில் சிறுவரை வீட்டினுள், வேறொரு பெரியவரின் பார்வையில் வைத்திருக்க வேண்டும். ஓட்டுபவரே குழந்தையையும் கவனித்துக்கொள்வது என்பது நடைமுறையில் இயலாது. பின்னோக்கிச் செல்வது தவிர்க்க முடியாதபோது தகட்டை நிறுத்தி, பின்புறமும் கீழும் பார்த்து, பார்த்தபடியே செல்ல வேண்டும். பின்னோக்கிச் செல்லும்போது தகடு தானே நின்றுவிடும் அமைப்பு பல புல்வெட்டிகளில் உண்டு. 16 வயது நிரம்பாதோர் இவ்வியந்திரத்தை ஓட்டலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கின்றது. தள்ளிச் செல்லும் வகைக்கு அது கூறும் வயது 12.

சாய்வான நிலம்

ஓட்டுநருக்கே உயிர்க்கேடாவது பெரும்பாலும் இயந்திரம் கவிழ்வதாகும். 15 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் ஓட்டலாகாது என்பது பல கையேடுகள் தரும் எல்லை. கிடைமட்டமாக 100 மீட்டர் செல்கையில் ஏறத்தாழ 27 மீட்டர் உயரும் நிலம் இச்சாய்வுடையது. டிராக்டர் வகையைச் சாய்வில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்காக ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும். தள்ளிச் செல்லும் புல்வெட்டிக்கு இது நேர்மாறானது. அதனை மேலும் கீழுமாகத் தள்ளினால் கால் வழுக்கித் தகட்டின் அடியில் செல்லக்கூடும் என்பதால் குறுக்காகவே தள்ள வேண்டும். இரு நெம்புகோல் வகைக்கு அதனதன் கையேட்டையே பின்பற்ற வேண்டும். அதில் திரும்புதல், நிறுத்துதல் இரண்டும் பின்சக்கரங்களின் பிடிப்பையே நம்பியுள்ளன. ஈரப் புல்லில் அப்பிடிப்பு போனால் இரண்டும் ஒருங்கே போய்விடும்.

குளக்கரை, பள்ளம், தாங்குசுவர் ஆகியவற்றின் விளிம்பை ஒட்டி ஓட்டுதல் பெருந்தவறு. கரை சரிந்தால் ஓட்டுநர் இயந்திரத்தின் அடியில் நீரில் அமிழ நேரும். அவ்விடங்களில் கையால் வெட்டுவதே தக்கது. கவிழ்வுக் காப்புச் சட்டம் பொருத்திய வகைகளில் சட்டம் நிமிர்ந்திருக்கையில் இருக்கைப் பட்டியை அணிய வேண்டும். சட்டத்தை மடக்கியிருந்தால் அணியலாகாது. பட்டி ஓட்டுநரைக் கவிழும் இயந்திரத்தோடு பிணைத்துவிடும்.

பாதுகாப்புச் சுவிட்சு

ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் தகட்டை நிறுத்தும் சுவிட்சு இக்கால வகைகளில் உண்டு. மேடுபள்ளத்தில் உடல் எழும்பும்போதெல்லாம் பொறி நின்றுவிடுகின்றது என்று சலித்து, சிலர் கம்பியை இணைத்து இதனைச் செயலிழக்கச் செய்கின்றனர். அதன்பின் ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டாலும் தகடு சுழன்றுகொண்டே இருக்கும். சுவிட்சு பழுதானால் மாற்றுவதே முறை.

கூட்டில் அடைத்த புல்லை எடுக்கும் முன், தகட்டின் இயக்கத்தைத் துண்டித்து, பொறியை நிறுத்தி, சாவியை எடுத்து, தகடு முற்றிலும் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். பொறி நின்ற பின்னும் தகடு சில நொடிகள் சுழலும். தள்ளிச் செல்லும் வகையில் பிடியை விட்ட 3 நொடிக்குள் தகடு நிற்க வேண்டும் என்னும் அமெரிக்க அரசின் விதி 1982 இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி அமர்ந்து ஓட்டும் வகைக்குப் பொருந்துவதன்று.

எரிபொருள்

சூடான பொறியில் பெட்ரோல் ஊற்றலாகாது. ஊற்றுவதும் வெளியிடத்திலேயே நிகழ வேண்டும். மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு நஞ்சாகும்.

பந்தயம்

1973 இல் இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில் உள்ள விஸ்பரோ கிரீன் என்னும் ஊரில் புல்வெட்டிப் பந்தயம் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய பந்தயங்கள் நடைபெறுகின்றன. பந்தயத்தில் ஓடும் புல்வெட்டிகளில் வெட்டுத்தகடுகள் கழற்றப்பட்டிருக்கும்.