வெள்ளிக்காசும் வண்ணக்கனும்

பழைய வெள்ளிக்காசு ஒண்ணு கையில கிடைச்சா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்பதுதான். கேக்கவேண்டிய ரெண்டாவது கேள்வி ஒண்ணு இருக்கு: "இது எந்த மண்ணுலேருந்து வந்துச்சு?" முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விவரம் தெரிஞ்சவங்க பதில் கண்டுபிடிச்சுடுவாங்க. ரெண்டாவதுக்கான பதில் தொலைஞ்சா தொலைஞ்சதுதான்.

கள்ளக்காசு நம்ம காலத்து வியாதி இல்லை மக்களே. ஏதென்ஸ் நகரத்தில் நிகோஃபோன் என்பவர் பெயரால் கி.மு. 375-374 வாக்கில் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பொறித்த கல்லே 1970-ல் கிடைத்திருக்கிறது. சந்தையில் அரசாங்க அடிமை ஒருவர் காசு பரிசோதகராக உட்கார்ந்திருப்பார். உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி போர்த்திய காசு வந்தால், அங்கேயே வெட்டிப்போட வேண்டும். அவர் ஒழுங்கா வேலை பார்க்கலைன்னா 50 சவுக்கடி!

நம்ம பக்கமும் இந்த வேலைக்கு ஆள் இருந்திருக்கு. பேரு 'வண்ணக்கன்'. நாணயப் பரிசோதகன் என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. சங்கப் புலவர்கள் பட்டியலைப் புரட்டினால் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்றெல்லாம் பெயர்கள் வரும். பாட்டு எழுதின குடும்பங்களில் காசு பார்த்தவர்களும் இருந்திருக்கிறார்கள் போல :-)

சரி, வண்ணக்கன் வேலையை இன்னைக்கு எப்படிச் செய்யறாங்க?

முதலில் எடை. ஏதென்ஸின் ஆந்தைக்காசு (நாலு திராக்மா) சுமார் 17.2 கிராம் இருக்கணும். அகஸ்டஸ் காலத்து ரோமானிய வெள்ளி தினாரியஸ் 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்து அடர்த்தி. சுத்த வெள்ளி 10.5, செம்பு கிட்டத்தட்ட 9. தண்ணியில அமுக்கி எடை பார்த்தாலே உள்ளே செம்பு இருக்கற காசு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துடும். அப்புறம் விளிம்பு. அந்தக் காலத்து கிரேக்க, ரோமானிய வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அச்சு வைத்துச் சம்மட்டியால் அடித்தவை. அச்சில் உருக்கி ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், மேலே குண்டூசி முனை அளவு குழிகளும் தெரியும். ரெண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் கண்ணை மூடிக்கிட்டு சந்தேகப்படலாம்.

ஆனா தேய்மானத்தை மட்டும் நம்பக்கூடாது. ஜெர்மனியில் பெக்கர் (1772-1830) என்று ஒரு மகா போலிக்காசுக்காரர். அச்சையே செதுக்கி, பழைய முறைப்படி அடிச்சவர். செஞ்ச காசை இரும்புத்தூள் போட்ட பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் கட்டிக் குலுங்கக் குலுங்க ஊர் சுற்றுவாராம். வயசு கூட்ட!

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். இங்கே அதிகம் கிடைத்த வெளிநாட்டு வெள்ளி ரோமானியருடையது. கோவை வெள்ளலூரில் 1842-ல் 522 காசுகள், 1891-ல் 547 காசுகள். பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. இந்தியாவில் கிடைத்த இந்த வகைக் காசுகளில் சிலது எழுத்தெல்லாம் கோணல்மாணலாக, அந்தக் காலத்திலேயே உள்ளூரில் பார்த்து அடித்த நகல்கள். இதை 'போலி'ன்னு தூக்கிப் போடலாமா? கூடாது. அந்தக் காசுக்கு இங்கே எவ்வளவு மவுசு இருந்துச்சுன்னு சொல்ற சாட்சியே அதுதான். கள்ள தினாரியஸ் ஒன்றைப் பார்ப்பதற்காகவே பல நல்ல காசுகள் கொடுத்து வாங்குகிறார்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்தார். அதே பிளினி இன்னொன்றும் சொல்கிறார். வேற வேற மன்னர்கள் அடிச்ச தினாரியஸ் எல்லாம் ஒரே எடை இருக்கறதைப் பார்த்து இலங்கை மன்னர் ரோமானியர்களை மெச்சினாராம். காசோட நாணயத்தை வச்சு ஊரோட நாணயத்தை எடை போட்டிருக்கார்!

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த கிரேக்க, பினீசியக் காசுகளைச் சேகரித்து, படித்து, நூலாக்கியவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021-ல் காலமானார்). சேரன் தலையும் தமிழ்-பிராமி எழுத்தும் கொண்ட 'மாக்கோதை' வெள்ளிக்காசும் கரூர்க் காசுதான். ஆற்று மணலுக்கு மண்ணடுக்கு கிடையாது. எந்தக் காசோட எது கிடந்தது, எந்த ஆழம், எதுவும் தெரியாது. காசு அசல்தான்னு நிரூபிச்சாலும், "யாரோ சேகரிப்பாளர் வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்திருக்கலாமே"ன்னு ஒருத்தர் கேட்டால் வாயடைக்கப் பதில் இல்லை. தேஞ்சுபோன மலிவுக்காசை யாரும் கடல் தாண்டிக் கொண்டுவந்து கரூரில் விக்கப்போறதில்லை என்ற தர்க்கம்தான் கைகொடுக்கும். நல்ல தர்க்கம்தான். ஆனா குழியோட சாட்சியத்துக்கு ஈடாகாது.

இதை ஏன் வாலாஜாபாத்துலேருந்து எழுதறேன்னு கேக்கறீங்களா? இங்கேருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஃபேக்டரிக்கும் ரோட்டுக்கும் பொக்லைன் நிலத்தைப் புரட்டிக்கிட்டே இருக்கு. ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய ஆம்ஃபோரா ஜாடிச் சில்லுகள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. ஜாடி வந்த வழியில் காசு வராதா என்ன?

அதனால நண்பர்களே, கடைக்கால் தோண்டும்போது காசு கிடைச்சா விபூதி போட்டுத் தேய்க்காதீங்க. புளியும் வேண்டாம். அடகுக்கடைக்கும் ஓடாதீங்க. கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறிச்சு, அப்படியே போட்டோ எடுத்து, தாசில்தார் ஆபீசில் சொல்லுங்க. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். வெள்ளி உருகினாலும் கிராமுக்கு இத்தனைன்னு ஒரு விலை இருக்கு. அது கிடந்த குழிக்கு விலையே கிடையாது. மூடிட்டா அதைப் படிக்க எந்த வண்ணக்கனாலும் முடியாது.