சிவக்காத முதுகு: ஜொகூரில் ஆஸ்டியோபதித் தொட்டறிதல்

முதுகுத்தண்டின் இருபுறமும் இரு விரல்களை அழுத்திக் கழுத்திலிருந்து இடுப்புவரை இழுத்தால் விரல் போன தடம் சிவக்கும். சிவப்பு நெடுநேரம் தங்கும் இடத்தில் புதிய பாதிப்பு, சட்டென வெளிறும் இடத்தில் நாள்பட்ட பாதிப்பு என்பது கையால் தொட்டறிந்து சிகிச்சை தரும் ஆஸ்டியோபதியின் பாடம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் அமெரிக்காவின் கெர்க்ஸ்வில் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கிய இந்த மருத்துவம், தன் கண்ணை வெளுத்த தோலில் பழக்கிக்கொண்டது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழரின் கருத்த முதுகில் அந்தத் தடம் பெரும்பாலும் புலப்படுவதில்லை. புலப்படாததை ‘பாதிப்பில்லை’ என்று எழுதிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. ஆகவே ஜொகூரில் சிவப்புச் சோதனையைக் கைவிட்டு, கைக்கு எட்டும் குறிகளைத் தனித்தனியே பதிய வேண்டும் என்கிறேன்.

இது ஒரு சிறு குழுவின் உள்விவகாரம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மரபு, துணை மருத்துவச் சட்டத்தின் (சட்டம் 775) கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளுள் ஆஸ்டியோபதியும் ஒன்று. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் மரபு மருத்துவப் பிரிவு 2008 முதல் இயங்குகிறது.

திசுவின் தன்மை, இடவல வேறுபாடு, அசைவுக் குறைவு, தொட்டால் வலி ஆகிய நான்கையும் ஆஸ்டியோபதியர் தேடுகிறார்கள். முதுகெலும்பைத் தொட்டறிவது பற்றி 2004-இல் ‘ஸ்பைன்’ இதழில் வந்த முறைசார் மதிப்பாய்வு, வலியைத் தூண்டிப் பார்க்கும் சோதனைகளில் பரிசோதகர்களின் கருத்து ஓரளவு ஒத்துப்போவதையும், திசுவின் தன்மையில் ஒத்துப்போகாததையும் காட்டியது. ‘அப்படியானால் திசுவைத் தொட்டுப் பார்ப்பதே வீண்’ என்பது விமர்சகர் வாதம். அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. சூடு, ஈரம், வீக்கம், இறுக்கம் எல்லாவற்றையும் ‘திசு மாற்றம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, இருவர் ஒத்துப்போகவில்லை என்று வியக்க ஒன்றுமில்லை. பரிசோதகர்கள் கூடிப் பயின்று, எதை எப்படிக் குறிப்பது என்று பேசி முடிவெடுத்தபின் ஒத்திசைவு கூடியதை 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. இருவர் ஒரே விடையைச் சொல்வதால் மட்டும் அது சரியான விடையாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஈரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். லேசாக வியர்த்த தோலில் விரல் வழுக்காமல் இழுபடும். புதிய பாதிப்பின் அடையாளமாக அந்த இழுபாட்டைக் கொள்வார்கள். ஜொகூரின் புழுக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவரின் முதுகு முழுவதுமே இழுபடும். அவரை ஏர்கோன் காற்று ஒரு தோளில் மட்டும் படும்படி உட்காரவைத்தால் இடவல வெப்ப வேறுபாட்டை நாமே உண்டாக்கிவிடுகிறோம். சட்டையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, உடல் அறையின் வெப்பத்துக்குப் பழகும்வரை பொறுத்து, புறங்கையால் இருபுறமும் மாறிமாறித் தொட வேண்டும். காத்திருந்த நேரமும் குறிப்பில் ஏற வேண்டும்.

சிவப்பை நம்பாமல் தொட்டறியும் பாடம் படுக்கைப்புண் பராமரிப்பில் முன்பே கற்கப்பட்டுவிட்டது. முதல் நிலைப் புண்ணின் சிவப்பு கருத்த தோலில் தெரியாமல் போகலாம் என்பதால், அக்கம்பக்கத் தோலோடு ஒப்பிட்டுச் சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்கின்றன அத்துறையின் வழிகாட்டிகள்.

தனித்தனியே பதிவதன் பயன் நீரிழிவில் பளிச்சென்று தெரிகிறது. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே விகிதம் இன்னும் அதிகம். நெடுங்காலம் கட்டுக்குள் வராத நீரிழிவில் சிலருக்குப் பிடரியும் மேல்முதுகும் தடித்து மரம்போல் இறுகிவிடும். அழுத்தினால் குழி விழாது; பெரும்பாலும் வலியும் இராது. ஸ்கிளிரெடீமா எனப்படும் இந்தத் தோல் நோயை ‘நாள்பட்ட தசை இறுக்கம்’ என்று எண்ணி மாதக்கணக்கில் பிடித்துவிடுவது எளிது. ‘இறுக்கம் உண்டு, குழியில்லை, வலியில்லை, இருபுறமும் சமம்’ என்று நான்கு கட்டங்களில் எழுதியவர் அங்கேயே நின்று யோசிப்பார். இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி, அரசு கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்.