மின்சாரக் கார்: வன்னியில் வாங்குவோர் எதைப் பார்க்கின்றனர்?

விலை, வரி, ஓடும் தூரம், மின்னேற்றும் வசதி. எந்த நாட்டிலும் மின்சாரக் கார் வாங்குவோர் முதலில் பார்ப்பவை இவைதான். வன்னியில் இன்னொன்றும் சேர்கிறது: எரிபொருள் நின்றுவிடுமோ என்ற அச்சம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. 2022 ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றானபோது அந்த நினைவு திரும்பியது. அதன்பின் வந்த கியூஆர் முறையில் தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் மட்டுமே.

வரியின் பலம்

வரி குறைந்திருந்த 2015ஐ ஒட்டிய காலத்தில் நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. வரி ஏறியதும் வரவு சரிந்தது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது.

எம்மவர் பலர் வாழும் நோர்வே இதற்கு மறுபக்கம். அங்கு 2001 முதல் மின்சாரக் கார்களுக்குப் பெறுமதி சேர் வரி விலக்கு வழங்கப்பட்டது. அரசுகள் மாறியும் சலுகை நீடித்தது. 2024இல் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். வரி நாளை மாறாது என்ற நம்பிக்கையும் ஒரு சலுகைதான்.

தூரமும் மின்கலமும்

இரணைமடுச் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர ஏறத்தாழ 140 கிலோமீற்றர். முதற்கால லீஃப் புதிதாக இருந்தபோதே ஒரு மின்னேற்றலில் 120 கிலோமீற்றர் அளவுதான் ஓடியது. மின்கலம் பழசாக இத்தூரம் இன்னும் குறையும். எனவே பாவித்த கார் வாங்குபவர் வண்டியின் வயதைவிட மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவையே முதலில் பரிசோதிக்க வேண்டும். புதிய கார்கள் இத்தூரத்தை இலகுவாகக் கடக்கும். ஆனால் விலை பெரும்பாலானோருக்கு எட்டாதது.

மின்சாரம் யார் கையில்?

பெற்றோல் இல்லாத அதே 2022இல், மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டும் இருந்தது. பெற்றோல் வரிசையிலிருந்து தப்பியவர் மின்வெட்டில் சிக்கலாம். கூரைச் சோலர் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் மின்வலையமைப்புடன் மட்டும் இணைந்த சாதாரண சோலர், மின்சாரம் தடைப்பட்டவுடன் தானும் நின்றுவிடும். சேமிப்பு மின்கலமும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இருந்தால்தான் வெயில் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகும்.

வன்னி மக்களுக்கு வெயிலில் குறைவில்லை. நிலையான வரி, ஏ9 வீதியில் நம்பத்தக்க மின்னேற்றல் நிலையங்கள், அருகில் பழுதுபார்க்கத் தெரிந்த கராஜ், சேமிப்பு மின்கலத்துக்கான இலகு கடன் ஆகியவை வந்தால் இங்கும் மின்சாரக் கார்கள் பெருகும்.