விதியா, விதித்ததா?

"வந்த நோய் விதியால் வந்தது" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவோர் நம் நாட்டில் மட்டுமல்ல, எங்கும் உளர். அமெரிக்காவிலே புற்றுநோய் வெள்ளையரைவிடக் கறுப்பரை மிகுதியாக மாய்த்தபோது, சிலர் இரத்தத்தைக் காட்டினர். சிலர் இனத்தைக் காட்டினர். உண்மை எது? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம், வாரீர்!

கருப்பை வாயிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து நோக்கினால், புற்று வேரூன்றுமுன் கண்டறியலாம் என்று 1943-இல் பாப்பனிக்கொலாவும் டிராட்டும் நூல் எழுதிக் காட்டினர். அறிவியல் வழி திறந்தது. மருத்துவமனை வாயில் திறந்ததா? 1946-இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் மருத்துவமனை கட்டப் பணம் தந்தது. தனித்தனியாயினும் சமமே என்று கூறி, நிறப் பிரிவினைக்கும் இடம் தந்தது!

1964-இல் குடிமை உரிமைச் சட்டம் பிறந்தது. 1965 சூலை 30-ஆம் நாள், முதியோர்க்கு மெடிகேர், வறியோர்க்கு மெடிக்கெய்ட் என்னும் இரு காப்பீட்டுத் திட்டங்களில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். நிறம் பார்க்கும் மருத்துவமனைக்கு மெடிகேர் பணம் இல்லை என்றது அரசு. அவ்வளவுதான்! அறவுரைக்கு அசையாத கதவுகள், பணப்பெட்டி மூடும் ஓசைக்குத் திறந்தன. 1966-இல், சில திங்களிலேயே ஏறத்தாழ 1000 மருத்துவமனைகள் பிரிவினையைக் கைவிட்டன.

அத்தோடு தீர்ந்ததா அல்லல்? இல்லை. நோய் முற்றியபின் காப்பதே மெடிகேரின் வேலையாயிருந்தது. கருப்பை வாய்ச் சோதனைக்கு அது பணம் தரத் தொடங்கியதே 1990-இல்தான். அதே ஆண்டில், காப்பீடற்ற ஏழைப் பெண்டிருக்கு மார்பகமும் கருப்பை வாயும் சோதிக்கத் தனிச்சட்டம் வந்தது. வந்தும் என்ன? சோதனைக்குப் பணமுண்டு, நோய் இருப்பது தெரிந்தால் சிகிச்சைக்கு அச்சட்டத்தில் பணமில்லை! சாவை அறிவித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதா மருத்துவம்? அவர்களின் சிகிச்சைக்கு மெடிக்கெய்ட் வழிவிட்டது 2000-இல்.

அறுந்து கிடந்த இக்கண்ணிகளைச் சின்னஞ்சிறு டெலவேர் மாநிலம் ஒன்றாய்க் கோத்தது. காப்பீடில்லா எளியோர்க்குப் பெருங்குடல் சோதனைச் செலவை அரசு ஏற்றது. புற்று இருப்பின் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. வழிகாட்டச் செவிலியரையும் அமர்த்தியது. 2002-இல் சோதனை செய்துகொண்டோர் வெள்ளையரில் 100-க்கு 58 பேர். கறுப்பரில் 48 பேர். 2009-இல் இரு சாராரிலும் 74! பெருங்குடல் புற்றால் மாயும் கறுப்பரின் விகிதம் 42 விழுக்காடு குறைந்தது. இரத்தம் மாறவில்லை, இனம் மாறவில்லை, திட்டம் மாறிற்று!

2010-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சீர்திருத்தம், பரிந்துரைக்கப்பட்ட புற்றுநோய்ச் சோதனைகளுக்கு நோயாளி காசு தரவேண்டா என்றது. மெடிக்கெய்ட்டையும் விரிக்கச் சொன்னது. 2012-இல் உச்சநீதிமன்றம், அவ்விரிவு மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. கறுப்பர் மிகுதியாக வாழும் மிசிசிப்பியும் அலபாமாவும் மறுத்தன. எல்லைக் கோட்டுக்கு இப்பால் வாழும் ஏழைக்குக் காப்பு; அப்பால் வாழ்வோனுக்குக் கைவிரிப்பு!

தோழர்களே! இது நெற்றியில் எழுதப்பட்டதன்று. சட்ட ஏட்டில் எழுதப்பட்டது. எழுதியவன் மனிதன். எனவே, அழித்தெழுதவும் மனிதனால் முடியும்!